விளிம்பில் இருந்த நூறு யென்

நூறு யென். ஒரே ஒரு காசு. நிஷிவாகி பட்ட கடன் அவ்வளவுதான்.

இரவு பதினொன்றரை மணி. மலைச்சாலையில் பனி கொட்டுகிறது. போவது அவர் கார் ஒன்றுதான்... பின் இருக்கை காலி. ஆனால் அங்கிருந்து நனைந்த கம்பளிச் சட்டையின் வாடை. கண்ணாடியை இறக்கினார். போகவில்லை.

நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். இந்த நிஷிவாகி, படப்பிடிப்புகளில் என்னோடு விளக்கு தூக்கும் ஒகுனோவுக்குத் தங்கை புருஷன். பழைய வீடியோ கேம்களை ஆடிக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது. ஆடுகிறவர் தொகாஷி. கடைசிக் கட்டம் முடியாமல் எழமாட்டார்.

போன மாதம் அந்த மலையில், மூடிப்போன ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் படப்பிடிப்பு. குளிக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் இயந்திரம் ஒன்று அடித்தளத்தில் இன்னும் உயிரோடு இருந்தது. மாலையில், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், தொகாஷி செத்தார். திரையில் எண்கள் இறங்கின. ஒன்பது... எட்டு... பூஜ்ஜியம் வருவதற்குள் காசு போடாவிட்டால் காலையிலிருந்து ஆடியதெல்லாம் பாழ்.

"காசு போடுடா, காசு!" தொகாஷி கத்தினார்.

"தீந்துபோச்சுண்ணே!" என்றார் நிஷிவாகி.

"இருபத்திரண்டு வருஷமா ஓடுற ஷோ. ஒரு நூறு யென்னுக்கு வக்கில்லையாடா?"

ஐந்து... நான்கு...

திரைக்குக் கீழே, விளிம்பில், ஒரு நூறு யென் கிடந்தது. தூசி மூடி. விளையாட்டுக் கூடங்களில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஒருவர் ஆடும்போது, பின்னால் நிற்பவர் அங்கே காசை வைப்பார். அடுத்தது நான் என்று. எப்பேர்ப்பட்ட போக்கிரியும் அதைத் தொடமாட்டான்.

நிஷிவாகி எடுத்துப் போட்டுவிட்டார். தூசிக்கு அடியில் காசு ஈரமாக இருந்ததாம்...

தொகாஷி ஜெயித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று பிடித்தது. நிஷிவாகி எங்கே உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பார்கள். ரயிலில். சோற்றுக்கு முன்னால். பிடரியில் சின்னப் பையன் ஒருவனின் மூச்சு படும். அவசரப்படுத்தாது. நிற்கும், அவ்வளவுதான். அவர் எழுந்தால் போய்விடும். நின்றுகொண்டே தின்றார். படுத்தாலும் தலைமாட்டில் நின்றது. தூக்கம் போய், கண் குழிந்து, ஆள் பாதியானார்.

ஒகுனோவுக்கு முதலில் கிண்டல். "காசு வச்சது சின்னப் பையன்தானே மாப்பிள்ளை? ஒரு மிட்டாய வாங்கிக் குடுத்து அனுப்பிவிடேன்."

"சிரிக்காதீங்க மச்சான். விடிஞ்சா அந்தக் கட்டடத்த இடிக்கிறாங்க. அப்புறம் எங்க போய்த் திருப்பிக் குடுப்பேன்?"

அதனால்தான் அந்த இரவில் அந்தப் பயணம்.

விடுதியின் பின்கதவு திறந்தே கிடந்தது. படியிறங்கினால் கந்தக நெடி. எங்கோ நீர் சொட்டியது. டொக்... டொக்... புதுக் காசை விளிம்பில் வைத்துக் கும்பிட்டுத் திரும்பினார்.

கிணிங்.

காசு தரையில். எடுத்து மறுபடி வைத்தார். கிணிங்.

பையன் கேட்பது ஆட்டத்தை. அப்போதுதான் உறைத்தது. கட்டடத்தில் மின்சாரத்தை வெட்டியிருந்தார்கள்; காரிலிருந்த படப்பிடிப்பு பேட்டரியைக் கொண்டுவந்து இயந்திரத்தில் மாட்டினார். திரை எரிந்தது. காசைப் போட்டு, ஸ்டூலை இழுத்து வைத்து, "உக்காருப்பா, இது உன் ஆட்டம்" என்று சொல்லிப் பின்னால் போய் நின்றார்.

ஸ்டூலின் ரெக்சின் மெல்ல அமுங்கியது. கைப்பிடி அசைந்தது. கடக்... கடக்...

பையனுக்கு அவ்வளவாக ஆட வரவில்லையாம். சீக்கிரமே செத்தான். எண்கள் இறங்கி முடிந்தன. ரெக்சின் மேலெழும்பியது. ஈரச் செருப்புச் சத்தம் படியேறிப் போனது. வாடையும் கூடவே போனது.

காலையில் கட்டடத்தை இடித்தார்கள். நிஷிவாகி வீட்டுக்கு வந்து, ஒரு பகலும் ஓர் இரவும் தூங்கினார். ஒகுனோவின் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். கடன் அடைந்துவிட்டது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் மனிதர் இப்போது உட்காருவதேயில்லை. யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கிறார்.

போன வாரம் படப்பிடிப்பில் தொகாஷி திரும்பிப் பார்த்து, "உக்காருடா, கால் வலிக்காதா?" என்றாராம்.

"பரவாயில்லண்ணே... நீங்க முடிங்க."