தாய்மாமன் மடி

– சேவலுக்கும் டிக்கெட்டு கேக்கறான் ரோஜா! மடியில வச்சி முந்தானையால மூடிக்கினா கொழந்தைன்னு வுட்டிருப்பான். கூடையில வச்சி கொக்கரக்கோன்னு கத்த வுட்டா எந்த கண்டக்டரு சும்மா இருப்பான்?

– நானாய்யா கத்தச் சொன்னேன்? அதுவும் உன்னை மாதிரிதான். விழுப்புரத்துல பஸ் ஏறுனதுலேர்ந்து வாய மூடல.

– ஏண்டி மூடணும்? தங்கச்சி பொண்ணுக்கு மொட்டை அடிச்சி காது குத்தப் போறோம். தாய்மாமன்டி நான்! உம்முனு போறதுக்கு இது இன்னா எழவு வூடா?

– மாமனாம் மாமன். மடியில உக்காந்ததும் புள்ள வேட்டிய நனைக்கப் போவுது. மாத்து வேட்டி எடுத்தாந்தியா?

– ரெண்டு எடுத்தாந்தேன். ஒண்ணு நனைக்கறதுக்கு, ஒண்ணு போட்டோவுக்கு.

– ஆமா கேட்டுக்கோ! நம்ம கல்யாணத்துக்குக் கூட நீ இப்பிடி மழமழன்னு ஷேவிங் பண்ணிக்கல.

– நம்ம கல்யாணத்துல என்னை எவன் பாத்தான்? எல்லாரும் நீ எப்ப அழுவன்னு உன்னைத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. இன்னிக்கி என்னைப் பாக்கட்டுமே. பாவம் கலை, எத்தினி வருசம் ஒரு புள்ளைக்காக அலைஞ்சிருப்பா? ஏறாத கோயில் இல்ல, முழுங்காத மாத்திரை இல்ல. கடைசில கவர்மெண்டு மூலியமா தத்து எடுத்து, வெண்ணிலான்னு பேரு வச்சி வூட்டுக்குத் தூக்கினு வந்தாளே, அன்னிக்கி அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே!

– நானும் பாத்தேன். நல்லாத்தான் சிரிச்சா. இப்ப எங்கய்யா போச்சி அந்தச் சிரிப்பு?

– ஆரம்பிச்சிட்டியா? நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாத ரோஜா.

– பேஜாரு இல்ல, கேக்கறேன். ஆடிக்கி நம்ம வூட்டுக்கு வந்தப்ப புள்ள தொடையில சூடு போட்ட தழும்பு இருந்துச்சே, அது இன்னா?

– மஞ்சக்காமாலைக்கு வச்சிருப்பாங்க. தோ பாரு, எனக்கும் சின்ன வயசுல கையில வச்சாங்க. நம்ம பக்கம் யாருக்குத்தான் இல்ல?

– உனக்குக் கையில ஒண்ணு. அதுக்குத் தொடையில வரிவரியா இருந்துச்சேய்யா.

– வைத்தியருக்குக் கை நடுங்கியிருக்கும். வயசானவரா இருப்பாரு.

– சரி. கன்னத்துல செவசெவன்னு இருந்துச்சே?

– கொசு.

– கொசு அஞ்சு வெரலையும் வச்சா கடிக்கும்?

– அவங்க ஊரு திண்டிவனத்துக் கொசு கடிக்கும். படிச்ச கொசு.

– தூ! எனக்கும் சிரிப்பு வருது பாரு, சனியன். சிரிக்க வச்சி சிரிக்க வச்சியே எல்லாத்தையும் மூடிடுவ நீ. இதுக்கு பதில் சொல்லு. புள்ளைக்கி கையி ஒடிஞ்சி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு வந்தாளே, நான் இட்லி எடுத்துக்கினு ஓடுனேனே. எப்பிடிம்மா ஒடிஞ்சிச்சின்னு டாக்டரம்மா கேட்டாங்க. உன் தங்கச்சி இன்னா சொன்னா தெரியுமா? கட்டில்லேர்ந்து வுழுந்துட்டாளாம்.

– புள்ளைங்கன்னா வுழத்தான் செய்யும்.

– அவ வூட்ல ஏதுய்யா கட்டில்?

– வாங்கியிருப்பாங்க.

– நீதானே அவங்களுக்குக் கோரைப்பாய் வாங்கி அனுப்புன! பாயிலேர்ந்து வுழுந்தா கையி ஒடியுமா? இன்னா, இதுக்குக் கொசு வரலியா?

– ரோஜா, அவ என் தங்கச்சிடி. மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்கறப்ப நாங்க எலி புடிச்சா அந்த எலிக்குக் கூட அழுவா. அவ போயி ஒரு பச்சப் புள்ளைய… தத்து குடுத்த ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்து பாத்துட்டு, புள்ளைய நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களே.

– அவங்க வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டுத்தானே வர்றாங்க? நான் சொல்லிட்டுப் போனாலும் புள்ளைக்கி பவுடரு பூசித்தான் நிக்க வைப்பா. எனக்கும் கலை மேல கோவம் இல்லய்யா, வருத்தம்தான். எவ பெத்த புள்ளையோன்னு ஊரு பேசுதில்ல? அது மனசுல பூந்திருக்கும். நாளெல்லாம் வூட்ல அவளும் புள்ளையும்தான். அவ புருசன் தீனதயாளன் அண்ணன் காலைல கெளம்புனா பொழுது சாஞ்சிதான் வர்றாரு.

– மாப்ள தங்கம். அது வரைக்கும் ஒத்துக்கறேன்.

– தங்கமே அவருகிட்ட பிச்சை வாங்கணும். நான் போனா ‘வாம்மா தங்கச்சி’ன்னு சேரைத் தொடச்சிப் போடுவாரு. டீ கூட அவரே போடுவாரு. நீ என்னிக்காவது எனக்கு ஒரு டம்ளரு சுடுதண்ணி வச்சிக் குடுத்திருக்கியா?

– எதுக்கு வைக்கணும்? உன் மூஞ்சியக் காட்டுனா தண்ணி தானா கொதிக்குதே.

– வூட்டுக்கு வா, இன்னா கொதிக்குதுன்னு காட்டறேன். அதான், அவரு நல்லவருன்னுதான் அவருகிட்ட சொல்லிட்டேன்.

– இன்னா சொன்ன?

– எல்லாத்தையும். போன மாசம் போன் பண்ணி, ‘அண்ணே, கலை புள்ளைய அடிக்கறாளோன்னு எனக்கு சந்தேகமா இருக்குது, கொஞ்சம் கண்டிச்சி வைங்க’ன்னேன். பாவம், மனுசன் எல்லாத்தையும் பொறுமையா கேட்டாரு. அப்பறம், ‘சொன்னியே தங்கச்சி, நான் பாத்துக்கறேன்’னாரு.

– அடிப்பாவி! அதான் கலை எனக்கு போன் பண்றதையே நிறுத்திட்டாளா? நான் சிக்னல் கெடைக்கலன்னு மாடியேறி மாடியேறி கத்திக்கினு இருக்கேன்!

– தப்பு பண்றவளுக்குக் கோவம் வரத்தானே வரும்? அந்த வூட்டு விசயத்த அந்த வூட்டு ஆம்பளைகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது? போலீசுக்கா? புள்ளைங்களுக்குன்னு டி.வி.ல ஒரு நம்பரு போடறான், அதுக்கா? நம்ம சனத்துல எவன் அப்பிடிப் பண்ணியிருக்கான்? அப்பறம் உன் தங்கச்சி வூட்டுப் படிய நாம மிதிக்க முடியுமா?

– முடியாது. அதுவும் சரிதான்.

– இன்னொண்ணு சொல்றேன். கத்தாத. இப்பத்தான் சேவலே தூங்குது.

– சொல்லு.

– கூட்டேரிப்பட்டு வரட்டும்.

– இப்பவே சொல்லுடி!

– வெண்ணிலாவுக்கு மொட்டை அடிக்கறதா அம்மனுக்கு வேண்டிக்கினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே… நான் வேண்டவே இல்ல.

– ஐயையோ! அம்மன் பேர்லயே பொய்யா? சாமி, இவ தனி, நான் தனி. என்னை ஒண்ணும் பண்ணிடாத தாயே.

– எதுக்குச் சொன்னேன்னு அம்மனுக்குத் தெரியும். தத்து எடுத்ததுலேர்ந்து கலை இந்த மொட்டையத் தள்ளிப் போட்டுக்கினே வர்றா. முடி அழகா இருக்குது அண்ணின்னா. பூமுடி மாதிரி ஒரு கொத்து வெட்டிக் குடுத்துடலாம் அண்ணின்னா. தீபாவளிக்கி என் கையப் புடிச்சிக்கினு அழுவறா. புள்ளைக்கி மொட்டை அடிக்கறதுக்கு ஒரு அம்மாக்காரி எதுக்குய்யா அழுவணும்?

– மாப்ள இன்னா சொன்னாரு?

– அந்த மனுசன் எப்பவும் போலத்தான். ‘அவளுக்கு இஷ்டம் இல்லன்னா வுட்டுடலாம் தங்கச்சி, பூமுடியே போதும்’னாரு. பொண்டாட்டிய வுட்டுக் குடுக்காத மனுசன்! நான்தான் வுடல. வேண்டுதல், கொறைக்கக் கூடாதுன்னு பங்காளிங்க அத்தினி பேரையும் ஏத்தி வுட்டேன். தொடைய மறைக்கப் பாவாடை இருக்குது. தலைய மறைக்க அந்த முடி இருக்குது. நான் சீப்ப எடுத்தாலே புள்ள கூனிக்கினு சுருங்குதுய்யா. அந்த முடி எல்லார் எதுர்லயும் எறங்கட்டும். அப்ப தெரிஞ்சிடும், கொசுவா கட்டிலான்னு.

– இன்னாத்தையாவது பாத்துட்டா?

– பாத்துட்டா புள்ளைய அப்பிடியே கெடாருக்கு நம்ம வூட்டுக்குத் தூக்கினு வந்துடணும். இந்த பெரிய பையில சீரு மட்டும் இல்ல, புள்ளைக்கி மாத்துத் துணியும் இருக்குது. மாமன் மடியில உக்காந்த புள்ளைய எறக்குன்னு சொல்ல எவனுக்கும் வாயி வராது. நீ மட்டும் தங்கச்சி மொகத்தப் பாத்துட்டு எறக்கி வுட்டுடக் கூடாது. அதுதான் எனக்கு பயம்.

– ஒண்ணுமே இல்லன்னா?

– உன் தங்கச்சி கால்ல வுழறேன். எல்லார் எதுர்லயும்.

– அத்த போட்டோ புடிச்சி வாசல்லயே மாட்டுவேன்டி! ஒண்ணும் இருக்காது பாரு. இருக்கக் கூடாதுடி ரோஜா. எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி.

– நான் தோக்கணும்னுதான் எனக்கும் ஆசை. இத்த நெஜமாவே வேண்டிக்கினு வர்றேன்யா.

*

– வாடி என் ராசாத்தி! ஜல்தி வா! ஏறு மாமன் மடியில. அப்பிடித்தான். எங்க, மாமன் பேரு இன்னா?

– கோதண்டம் மாமா.

– கோதண்டபாணின்னு முழுசா சொல்லணும். பாதிப் பேரு சொன்னா பாதிக் கம்மல்தான் போடுவேன்.

– அப்ப பாதிக் காது குத்துங்க மாமா.

– பாத்தியா ரோஜா! என் வாயி அப்பிடியே இருக்குது! இத்தப் போயி நம்ம ரத்தம் இல்லன்னு எவன்டி சொன்னான்?

– வாயி இருக்கட்டும். வெண்ணிலா, அம்மா எங்கடா செல்லம்?

– அம்மா வேப்ப மரத்தாண்ட நிக்கறாங்க அத்தை. அழுவறாங்க.

– கேட்டுக்கோய்யா. இப்பவும் அழுவறாளாம்.

– சும்மா இருடி. ஆனந்தக் கண்ணீரா இருக்கும். மாப்ளயப் பாரு, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு எல்லாருக்கும் மோரு ஊத்திக்கினு இருக்காரு. பச்சைமுத்துண்ணே, தண்ணி தெளிங்க. கத்திய மெதுவா போடுங்க, என் மருமவ தலை.

– ஜில்லுன்னு இருக்குது மாமா.

– இருக்கும், இருக்கும். நல்லா குனிஞ்சிக்கோ. வலிக்கவே வலிக்காது. எனக்குப் பச்சைமுத்து அண்ணனோட அப்பாதான் மொட்டை அடிச்சாரு. நான் கத்துன கத்துல கோயில் மணியே ஆடுச்சாம்.

– நான் கத்த மாட்டேன் மாமா.

– கத்துடி, கத்துனாத்தானே மொட்டை! பாரேன் ரோஜா, ஒரு புள்ள இப்பிடி அசையாம உக்காந்து நான் பாத்ததே இல்ல.

– அதான்யா எனக்கு பயமா இருக்குது. அது அழுது நீ பாத்திருக்கியா? கை ஒடிஞ்சப்பவே அழல.

– பச்சைமுத்துண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் பாதி முடி இருக்குதே.

– நீ குனிஞ்சி பாருய்யா. காதுக்கு மேல. பின்னாடியும்.

– இரு… ஐயோ. இன்னாடி இது? ஐயோ ரோஜா, ஆறிப் போன தழும்பு மேலயே புதுசா… இங்கயும்… இங்கயும்…

– புள்ளைய நல்லா புடிச்சிக்கோ.

– கலை! ஏ கலை! மரத்தாண்ட ஏன்டி ஒளியற? இங்க வாடி! இதுக்காகவா புள்ள வேணும் புள்ள வேணும்னு கோயில் கோயிலா சுத்துன? உன்னைப் போயி எறும்புக்கும் எலிக்கும் அழுவறவன்னு ஊரெல்லாம் பேசிக்கினு இருந்தேனேடி!

– போதும்யா. எல்லாரும் பாத்துட்டாங்க, அது போதும். கண்ணு, வெண்ணிலா, அத்தையப் பாரு. நீ இனிமே கெடார்ல நம்ம வூட்லதான் இருக்கப் போற. அங்க யாரும் உன்மேல கை வைக்க மாட்டாங்க.

– அப்பா பாக்கறாங்க அத்தை.

– பாக்கட்டும்டா செல்லம். அப்பா உனக்காகத்தான் பேசுவாரு.

– அம்மாவும் நம்ம கூட வருவாங்களா மாமா?

– அவ எதுக்கு? அவ வேணாம் உனக்கு. நீ மாமங்கிட்ட தைரியமா சொல்லு. உங்கம்மாதானே இப்பிடிப் பண்ணது?

– அம்மாவயும் உங்க மடியில உக்கார வச்சி மொட்டை அடிங்க மாமா. அம்மா தலையில என்னை வுட நெறைய காயம் இருக்குது.