அக்கா கல்யாண வீடியோ

புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன் மடியில் லேப்டாப் பை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவன் சொன்னதைக் கேட்டு, பார்த்துக்கொண்டிருந்த போனை நான் அணைத்துவிட்டேன்.

“நானும் ஸ்டெல்லாவும் எடுத்துகின போட்டோல்லாம் டெலிட் பண்ணிட்டு, அதும் மேல எங்க அக்கா கல்யாண வீடியோவ ஏத்திட்டேன் மச்சான். டிரைவு ரொம்புற வரைக்கும் திரும்பத் திரும்ப.”

“எதுக்குடா?”

“நான் கட்டிக்கப் போற பொண்ணு பி.எட். படிக்குது. நாளைக்கு இந்த லேப்டாப்ப அதுகிட்ட குடுக்கணும். யாரும் பழச தோண்டி எடுக்கக் கூடாதுல்ல.”

“பழைய ஹார்டு டிஸ்க்குக்கு அது சரி. உன்னுது எஸ்எஸ்டி. ஒரே எடம் தேஞ்சிடக் கூடாதுன்னு அது எடம் மாத்தி மாத்தி எழுதும். பழசு எங்கனா ஒரு மூலையில அப்படியே இருக்கலாம். செக்யூர் எரேஸ்னு ஒண்ணு கீது. அதப் போடு, மொத்தமும் பூடும். அப்புறம் விண்டோஸ் போட்டுக்கலாம்.”

“வீடியோவுமா?”

“பூட்டா இன்னா? உங்க அக்காகிட்ட இல்லியா?”

“இருக்கு.”

நண்பன் அவன் பக்கம் திரும்பினான்.

“டேய், ஸ்டெல்லாவ மொதல்ல எங்க பார்த்த?”

“அக்கா கல்யாணத்துல.”

“வீடியோவுல கீறாளா?”

“தாம்பூலப் பை குடுத்துகினு நிப்பா.”

நண்பன் அந்த லேப்டாப் பையையே பார்த்தான்.

“அப்ப நீ அவள அழிக்கலடா. டிரைவு ரொம்புற வரைக்கும் அவளத்தான் ஏத்தி வெச்சிக்கீற.”