வழியில் குறையும் மருந்து

இல்லம்மா, பெட்டிமேல கை பட்டா ஒண்ணும் ஆகாது. உள்ள சுத்திலும் ஈயம், அதான் இவ்வளவு கனம். மருந்து என்னவோ கட்டைவிரல் அளவு சீசாதான். எதுக்கும் நான் கொடுத்த, கதிர்வீச்சை அளக்கற அந்த பேட்ஜை சட்டையில குத்திக்கிங்க. வெளிக் கம்பெனிக்காரங்க உங்களை ஏர்போர்ட்லேர்ந்து கூட ஏத்திக்கிட்டு வர ஆஸ்பத்திரியில சொன்னதே பெரிய விஷயம். அதுல நான் கெட்ட பேரு வாங்கிடக் கூடாது.

கொஞ்சம் வேகமாத்தான் போறேன், பயப்படாதீங்க. இந்தக் கேன்சர் மருந்து ஐஸ் கட்டி மாதிரி. சும்மா இருந்தாலே கரையும். ஒரு வாரம் வச்சிருந்தா வீரியத்துல பாதி போயிடும். விமானம் லேட்டு, சுங்கத்துல லேட்டு, ரோட்டுல நெரிசல், எல்லாம் தின்னது போக மிச்சம்தான் நோயாளிக்கு. சிவப்பு விளக்குல நின்னா நொடியை எண்ண ஆரம்பிச்சிடுவேன். எங்க வீட்டுக்காரி கேலி பண்ணுவா. பெட்டிக்கு பெல்ட் போட்டுப் பதவிசா உக்கார வைக்கிறீங்களே, என்னை ஒரு நாளாவது இப்படிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களான்னு.

எங்கிருந்தா? கடல் தாண்டி வருது. அங்க ஒரு பழைய அணு உலையிலதான் இதைச் செய்யறாங்க. அதுக்கும் என்னை மாதிரிதான், வயசாயிடுச்சு. திடீர்னு ரிப்பேர்னு நிறுத்திடுவாங்க. போன மாசம்கூட ரெண்டு தடவை அப்படி ஆச்சு. வண்டிய எடுக்கப் போற நேரத்துல போன் வருது, இன்னைக்கு மருந்து இல்லைன்னு.

நீங்க சொல்றது புரியுதும்மா. நான் அதிகம் படிக்கல, தப்பா இருந்தா திருத்துங்க. சூரியனுக்குள்ள நடக்கறத நீங்க ஒரு எந்திரத்துக்குள்ள நடத்தப் பார்க்கறீங்க. கரண்ட் எடுத்து விக்க இன்னும் காலம் ஆகும். அதுவரைக்கும் பணம் போட்டவங்க சும்மா இருக்க மாட்டாங்க. அதனால அதுல தெறிக்கிற துகளை வச்சு முதல்ல மருந்து செஞ்சு விக்கலாம்னு பார்க்கறீங்க. மாடி எழும்புறதுக்குள்ள கீழ ஒரு கடையை வாடகைக்கு விடற மாதிரி. சரிதானே? நல்ல யோசனைதான். கரண்டுன்னா ஆயிரம் பேரோட மல்லுக்கட்டணும். இதுக்கு ஒரு துளி கிடைக்காதான்னு ஜனங்க காத்துக் கிடக்கறாங்க.

நம்ம ஊருக்குப் பக்கத்துலயே வருமா? எப்ப?

அஞ்சு வருஷத்துலயா?

இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல. முன்னாடி உங்க கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் வந்தார், அவரும் அஞ்சுன்னுதான் சொன்னார். அவர் வந்துட்டுப் போயே வருஷம் ஆகுது. எங்க மருந்து வச்சா குறையுது. உங்க அஞ்சு வருஷம் என்ன வச்சாலும் குறைய மாட்டேங்குதே. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க.

தேவை இருக்கான்னு என்னைக் கேக்கறீங்க. கணக்கெல்லாம் டாக்டர் சொல்லுவார். நான் பார்த்ததைச் சொல்றேன். மருந்து வர்ற அன்னைக்கு நோயாளிய முன்னாடியே வரவழைச்சு, கையில ஊசி குத்தி, படுக்க வச்சிருப்பாங்க. கீழ ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டா, கூட வந்தவங்க ஜன்னல்ல எட்டிப் பார்ப்பாங்க. மருந்து வரலைன்னு தெரிஞ்சதும் ஊசியைக் கழட்டிப் பஞ்சை வச்சு, சொல்லி அனுப்பறோம், போயிட்டு வாங்கன்னுடுவாங்க. அந்தப் பஞ்சை வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்கம்மா. ரத்தம் எப்பவோ நின்னிருக்கும். எடுத்துடேன்னா, இருக்கட்டும்பாங்க.

டிரைவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பார்க்கறீங்க. வண்டி ஓடாத நாள்ல சாவியை மாட்டிட்டு மேல போயி பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். நான் இவ்வளவு பேசற ஆளே இல்ல. இன்னைக்கு என்னவோ வாய் நிக்க மாட்டேங்குது.

இதோ, வந்தாச்சு. நமக்குப் பின்வாசல்தான்.

என்ன கேட்டீங்க? இந்த சீசா யாருக்கா?

எங்க வீட்டுக்காரிக்குக் கேட்டிருந்ததும்மா. போன மாசம் ரெண்டு தடவையும் தள்ளிப்போயி, இன்னைக்குத்தான் வந்திருக்கு. அவ போன புதன்கிழமை போயிட்டா.

ஐயோ, நீங்க எதுக்கும்மா அழறீங்க? உங்க மேல என்ன தப்பு இருக்கு? வீட்டுல இருங்க, வேற ஆள் போகட்டும்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. புது ஆளா இருந்தா எந்தத் தெருவுல நெரிசல்னு தெரியாம மாட்டிக்குவான். இதை வேற ஒரு அம்மாவுக்கு ஏத்தறாங்களாம். இந்நேரம் கையில ஊசி குத்திப் படுக்க வச்சிருப்பாங்க.

கொஞ்சம் அந்தக் கதவைப் பிடிச்சுக்கிங்கம்மா, எனக்கு ரெண்டு கையும் வேணும்.