நான்கு அட்டைக்கு ஒரே கை: செவிலியர் ஞானபூரணம் அவர்களின் பணி நிறைவு நாளில்

தறிச் சத்தத்துக்கும் சளைக்காத குரலே! முப்பத்தோராண்டு வெயிலில் முகம் சுளிக்காமல் நடந்த கால்களே! பொய்க் கணக்கைக் கண்டால் பொறுக்காத பேனாவே! பணி நிறைவு பெறும் செவிலியர் திருமதி ஞானபூரணம் அவர்களே, வணங்குகிறோம்!

பொன்னாடை போர்த்தியாயிற்று. இனி அடைமொழிகளை அடுக்கிவிட்டு உட்கார எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. சென்ற ஆவணியில் நடந்ததை இந்தச் சபை கேட்கட்டும்.

நாற்பது தாண்டிய விசைத்தறித் தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்க்கப் போவார் அக்கா. பஞ்சுத் தூசிக்காக முகத்தில் துண்டு கட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் எழுதிய அட்டையையும் கையையும் நீட்டுவார்கள். அன்று நான்காவதாக நீண்ட கையில், சற்று முன் பார்த்த அதே சூட்டுத் தழும்பு.

"ஏலே, உங்க அம்மை உனக்கு எத்தனை பேரு வச்சா?"

துண்டுக்குள் இருந்தவர் நோய்நொடியில்லாத சுடலைராஜ். "காத்தடிக்கிற மிஷினுதானக்கா, யாரு கைன்னா என்ன? ஆளுக்கு ஆளு தறிய நிப்பாட்டினா மேஸ்திரி ஏசுதாரு."

பதினொரு மாதமாக நான்கு பேர் அட்டைக்கும் இதே கைதான். அக்காவுக்கு முதல் கோபம் தன்மேல்தான் வந்தது. நான்காவது அட்டைக்குரிய கருத்தப்பாண்டியை, நாற்பத்தேழு வயதுக்காரரை, தறியிலிருந்து இழுத்து வந்து பார்த்தார். நூற்றுத்தொண்ணூறு!

"இத எழுதாதீங்கக்கா. வேலைய விட்டுத் தூக்கிருவாவ."

"எழுதாம விட்டா இருதயம் தளந்துரும். நாலு எட்டு வைக்க மூச்சு இருக்காது. அப்ப யாரு கைய அனுப்புவ?"

அன்றே மாத்திரை தொடங்கினார். ஊறுகாயைக் குறைக்க வைத்தார். முதலாளி வீட்டு வாசலில் நின்று, அவரை வேலையை விட்டு நீக்கமாட்டோம் என்று எழுதி வாங்கினார். இன்று கருத்தப்பாண்டிக்கு நூற்றுமுப்பது. அவர் இருதயம் அசராமல் அடிக்கிறது.

நாங்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். பதிவேட்டிலிருந்த பொய் எண்களையெல்லாம் அக்கா சிவப்பு மையில் அடித்தபோது, "மாசக் கடைசில ஏங்க்கா இந்த வம்பு? மேல கேப்பாவ" என்றவர்கள் நாங்கள்தான்.

"நோய்க்காரன் பேருல நல்ல நம்பர் எழுதிக் கைதட்டு வாங்குனோமே, ஒங்களுக்குக் கூசலையா?" என்றார். மாவட்டக் கூட்டத்தில் அந்தக் கைதட்டை வாங்கியது எங்கள் சுகாதார நிலையம். தறி நிற்கக்கூடாது என்பது மேஸ்திரிக்கு. கட்டம் நிரம்ப வேண்டும் என்பது எங்களுக்கு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது அட்டைக்காரர் முகம்மது அப்சல், நாற்பத்துநான்கு வயது, மாட்டிக்கொண்டார். அக்கா அவரை அழைத்துப்போய் எக்கோ எடுத்துப் பார்க்கையில் இருதயம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. மாத்திரையால் தடுத்திருக்கலாம். நாங்கள்தான் மாதாமாதம் 'இயல்பு' என்று எழுதிவைத்தோம்.

அக்கா, நீங்கள் நோயின்றி நூறாண்டு வாழ வேண்டும்! எங்களை ஏசுவதை நிறுத்தாமலும் இருக்க வேண்டும்!

மாடி மண்டபத்தில் இந்த விழாவை வைக்கத்தான் முதலில் நினைத்தோம். பதினெட்டுப் படி. அப்சல் பாயால் ஏற முடியாது. அதனால்தான் கீழே, வாசலோரமாய், எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்.

வெட்கத்தோடும் வணக்கத்தோடும்,
உடன் பணியாற்றியவர்கள்,
சங்கரன்கோவில்.