நாலு விரல் மடிப்பு

குழந்தைகளின் உடுப்புக்கு அடியில் நாலு விரல் மடிப்பு விட்டுத் தைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளர்கிற பிள்ளை. வருஷத்துக்கு ஒரு விரல் பிரித்து விட்டால் ஒரு கவுன் நாலு வருஷம் வரும். பிரித்த இடம் வெயில் படாத துணி என்பதால் அந்த ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று இருக்கும். தெருவில் ஓடுகிற பிள்ளையின் கவுனைப் பார்த்தே எத்தனை தடவை பிரித்திருக்கிறார்கள் என்று நான் சொல்லிவிடுவேன்.

இன்ஸ்பெக்டர் அய்யா, நீங்களும் மடிப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். என் டிரங்குப் பெட்டியில் உடுத்தாத கவுன்கள் பதினொன்று இருந்தன. எல்லாம் ஒரே அளவு. ஒன்றிலும் மடிப்பு இல்லை. ஏன் என்று கேட்டீர்கள். நான் தலைகுனிந்து நின்றேன். அது திமிர் இல்லை. பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதச் சொன்னால் எழுதுவேன். தையல் மிஷினுக்கு அடியில் இருந்த என் நோட்டுகளை எடுத்துவிட்டீர்கள், அதனால் நான் மறைக்கிறேன் என்று நினைக்க உங்களுக்கு நியாயம் உண்டு. மறைக்க ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் அருளம்மாள். வயது இருபத்தாறு. பள்ளத்தூரில் இரண்டு அறை வீட்டில் மிஷின் வைத்துத் தைத்துப் பிழைத்தேன். என் அக்கா அற்புதம்மாள் அறுபத்து மூன்றாம் வருஷம் விஷக்காய்ச்சலில் இறந்தாள். அவள் மகள் பிலோமினாவுக்கு அப்போது நாலு வயது. அக்காவின் கணவர் ஞானசேகர் பம்பாய்த் துறைமுகத்தில் வேலை. கல்லறையில் மண் போட்ட மறுநாள் மச்சான் பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தார்.

"கொஞ்சம் வளரட்டும் அருளு. தானா தலை சீவி, தானா தண்ணி மோந்து குளிக்கிற உசரம் வந்ததும் கூட்டிட்டுப் போயிர்றேன். அதுவரைக்கும் நீதான் அவளுக்கு ஆத்தா."

"சரி மச்சான்" என்றேன். அந்த 'அதுவரைக்கும்' என்ற சொல்லை மட்டும் அன்று ராத்திரி நோட்டில் எழுதி வைத்தேன்.

பிலோமி என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். எனக்கு அதற்கு முன்னால் யாரும் விரலைப் பிடித்ததில்லை.

மறு வருஷம் நாச்சியம்மை ஆச்சி வீட்டில் திரைச்சீலை தைக்கக் கூப்பிட்டார்கள். சாமான் அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே துணிமேல் வைத்து வெட்டுகிற மெல்லிய தாள்கள், சீமையில் அச்சடித்தவை, பன்னிரண்டு உறைகள். ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் படம். வட்டக் காலர், இடுப்பில் பட்டை, ஒரு காலை முன்னால் வைத்து நிற்கும்.

"ரங்கூன்ல இருக்கயில எம்மகளுக்குன்னு வரவழைச்சது" என்றார்கள் ஆச்சி. "எல்லாம் ஆறு வயசு அளவு. ஏழு வயசுக்கு எழுதிப் போடுறதுக்குள்ள சண்டை வந்திருச்சு. கப்பல்ல ஏறி வந்தோம், இது மட்டும் எப்படியோ கூடவே வந்துச்சு. எலி திங்கிறதுக்குப் பதிலா நீ எடுத்துக்க."

ஆச்சியின் மகளுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. நாலு பிள்ளை பெற்று, மூச்சு வாங்க நடந்து போனார்கள். உறைமேல் இருந்த பிள்ளைக்கு அப்போதும் ஆறு வயதுதான். நான் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாள்களைப் போல நேர்த்தியான வெட்டை நான் கண்டதில்லை. தோளும் கையும் சேரும் இடத்தில் ஒரு நூல் பிசகாது. ஆனால் மார்பு இருபத்து நாலு அங்குலம். பிலோமி அப்போது இருபத்து ஒன்றுதான். முதலில் தைத்த வெள்ளைக் கவுன் அவள்மேல் கொடியில் போட்டதுபோலத் தொங்கியது.

அதனால் நான் அவளை வளர்த்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கேழ்வரகுக் கூழ், தினம் ஒரு முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு எலும்பு ரசம். எனக்கு இல்லாவிட்டாலும் அவளுக்குக் கொடுத்தேன். வாரா வாரம் அளவெடுத்து நோட்டில் குறித்தேன். பக்கத்து வீட்டு சைதுன் பீவி அக்காகூட, "பெத்தவ இருந்திருந்தாக்கூட இம்புட்டுப் பாத்திருக்க மாட்டாடி" என்றார்கள். அந்த அக்காவின் மகள் ஆசியாவும் பிலோமியும் ஒரே வயது, ஒரே உயரம். தெருவில் இரட்டைப் பிள்ளைகள் என்பார்கள்.

அறுபத்தைந்து ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள். அன்று காலை வெள்ளைக் கவுனைப் போட்டு முதுகில் பட்டன் மாட்டினேன். மூச்சு பிடிக்காமல், தொங்காமல், தாளில் இருந்தபடி உட்கார்ந்தது. அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, ஒரு காலை முன்னால் வைக்கச் சொன்னேன். வைத்தாள். அன்று நோட்டில் நான் எழுதியது ஒரே வரி. நீங்கள் வாசித்திருப்பீர்கள். "போதும்."

மறுநாள் முதல் முட்டையை நிறுத்தினேன். கெடுதல் செய்கிறேன் என்று தோன்றவில்லை. கவுனில் எங்கே பிடிக்கிறதோ அங்கே பிரித்துவிடுவது எல்லோரும் செய்வது. எனக்குத் தாளில் கை வைக்க மனம் வரவில்லை. பிள்ளையில்தான் கொஞ்சம் பிடித்தேன்.

முதல் வருஷம் யாரும் கவனிக்கவில்லை. அரிசித் தட்டுப்பாடு. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விலா தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டும் மதியச் சோறு போட்டார்கள். அதனால் பிலோமியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். வாத்தியார் வந்து கேட்டபோது, கூச்சப்படுகிறாள் என்றேன். எங்கள் குடும்பத்தில் அது உண்டு என்பதால் நம்பிவிட்டுப் போனார்.

பசிக்கிறது என்று அவள் அழுதால் நான் அடித்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் ஒருசந்தி உண்டு, ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. சிறு பிள்ளைகளுக்கு அது கிடையாதுதான். ஆனால் நான் அவளிடம் சொன்னேன்: உன் அம்மா மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பில் நிற்கிறாள், நீ ஒருசந்தி இருக்கிற ஒவ்வொரு நாளும் அவள் ஒரு படி மேலே ஏறுவாள். அதன் பிறகு அவளாகவே தட்டை நகர்த்திவிடுவாள். தவக்காலம் இல்லாத நாட்களிலும் இருந்தாள். படுக்கும்போது, "இன்னைக்கு அம்மா எத்தனாவது படி சின்னம்மா?" என்பாள். நான் ஒரு எண் சொல்வேன். அடுத்த தடவை தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று அதையும் நோட்டில் குறித்தேன்.

அந்த டிசம்பரில் மச்சான் வந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன அருளு, பஞ்சு மாதிரி இருக்கா. வளரவே இல்லையே?"

"அக்காவும் சின்ன வயசுல இப்படித்தான மச்சான் இருந்துச்சு."

"அதுஞ்சரி. பம்பாய்க் குளிரு தாங்க மாட்டா. அடுத்த வருசம் பாப்போம். நீ பாத்துக்கிருவீக." வாய் தவறி எனக்கே மரியாதை போட்டுப் பேசினார். கண் கலங்கியிருந்தது.

அவர் பஸ் ஏறிய பிறகு பிலோமியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எலும்பு என் நெஞ்சில் குத்தியது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

சைதுன் பீவி அக்காவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஆசியா வளர்ந்துகொண்டே போனாள். மடிப்பைப் பிரிக்க என்னிடமே கொண்டு வருவார்கள். பிரித்துத் தைக்கும் நேரமெல்லாம் அவர்கள் கண் பிலோமிமேல் இருக்கும்.

"ஏம்மா அருளு, இதென்ன ஒருசந்தி? நாங்களுந்தான் நோம்பு வைக்கிறோம். பொழுது சாஞ்சு மகரிபுக்குப் பாங்கு சொன்னா வயிறாரத் திம்போம்ல. ஒங்க சாமியாரே நல்லா மொழுமொழுன்னுதான இருக்காரு. இந்தப் பூனைக்குட்டி இருந்துதான் மோச்சத்துக்குக் கதவு தொறக்கணுமாக்கும்?"

நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

அன்று முதல் எனக்கும் சந்தேகம் வந்தது. கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தால் பிலோமியின் விரல்களை முகர்ந்து பார்ப்பேன். ஒரு நாள் நெய் வாசம். ஒரு நாள் மீன் குழம்பு. கொல்லைக் கதவுக்குப் பூட்டு வாங்கினேன். அதற்குப் பிறகும் நோட்டில் மார்பளவு கால் அங்குலம் கூடியது. எங்கிருந்து என்று எனக்குப் புரியவில்லை.

எறும்புதான் காட்டிக்கொடுத்தது. போன ரமலான் மாசம், கொடியில் கிடந்த அவளுடைய கவுனின் அடியில் வரிசையாக எறும்பு போனது. மடிப்பைத் தடவினேன். கட்டி கட்டியாக இருந்தது. தையலை நாலு இடத்தில் பிரித்து, உள்ளே பேரீச்சம்பழம் ஒளித்து வைத்திருந்தாள். ஏழு பழம். சைதுன் பீவி அக்கா ஜன்னல் வழியாகக் கொடுத்தது. பிரித்த இடத்தை அவளாகவே ஊசி போட்டு மூடியிருந்தாள். கோணல் தையல், ஆனால் எட்டு வயதுக்குப் பரவாயில்லை.

நான் கோபப்படவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்து, அவளுடைய எல்லாக் கவுன்களின் மடிப்பையும் கத்தரியால் வெட்டி எடுத்தேன். தையல்காரி எவளும் செய்யாத காரியம் அது. வெட்டின பிறகு அந்த உடுப்பைப் பெரிதாக்க யாராலும் முடியாது. பிலோமி பக்கத்தில் நின்று பார்த்தாள். "இனிமே எனக்கு வேண்டாமா சின்னம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன். மடிப்பைக் கேட்டாள் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகுதான் வரப்போகிற வருஷங்களுக்கும் சேர்த்து அந்தப் பதினொன்றையும் தைத்து வைத்தேன்.

ஜூன் மாசம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சைதுன் பீவி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டி ஒரு கவுனின் அடியைப் பிடித்துப் பார்த்தார்கள். அடுத்ததைப் பிடித்தார்கள். அதற்கடுத்ததையும்.

"மடிப்பு எங்க?"

நான் அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

"எம்புள்ளைக்கு நாலு விரல் விட்டுத்தான தைக்கிறே. ஒம்புள்ளைக்கு ஏண்டி வெட்டுனே?" குரல் மெதுவாகத்தான் இருந்தது. "சீக்குன்னு நெனச்சேன். வயித்துல பூச்சின்னு நெனச்சேன். ஏ அருளு, வளராதுன்னு ஒனக்கு எப்படிடி முன்னக்கூட்டியே தெரியும்?"

அன்றே பம்பாய்க்குக் கடிதம் எழுத வைத்திருக்கிறார்கள். அடுத்த மாசம் மச்சான் வந்தபோது பிலோமி பாயில் படுத்திருந்தாள். எழுந்து நிற்கவில்லை. ஒரு மாசமாகவே நிற்கவில்லை. மச்சான் அவளை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். செருப்பைக்கூடப் போடவில்லை. அவள் அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து, "சின்னம்மா, அம்மா ஏறிட்டாங்களா?" என்றாள். வண்டி போன பிறகு நோட்டைப் பார்த்தேன். எழுநூற்று இரண்டாவது படி.

ஆகவே அய்யா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். சோற்றைக் குறைத்தது நான். தெரியாமல் இல்லை, வறுமையால் இல்லை. இரண்டு வருஷம் ஒவ்வொரு நாளும் அளந்து குறைத்தேன். ஆஸ்பத்திரியில், இன்னும் பத்து நாள் போயிருந்தால் பிள்ளை இருந்திருக்காது என்று சொன்னார்களாம். அவர்களுக்கு என் கணக்கு தெரியாது. நான் அவளைச் சாக விடுவேனா. அவள்தானே எனக்கு இருந்தது.

காவலுக்கு நிற்கிற அம்மா நேற்று ஒரு சேதி சொன்னார்கள். பிலோமி நடக்கிறாளாம். நாலு மாதத்தில் நாலு விரல் வளர்ந்துவிட்டாளாம். சாட்சிக்காக வெள்ளைக் கவுனைப் போட்டுப் பார்த்தபோது பட்டன் எட்டவில்லையாம். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு பக்குவமாக வைத்திருந்த பிள்ளை.

ஒரே ஒரு விண்ணப்பம். பெட்டியில் இருக்கும் பச்சைக் கவுனுக்குப் பட்டன் மட்டும்தான் பாக்கி. அதை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் வெளியே வந்ததும் அவளை என்னிடம் அனுப்பினால் போதும். இரண்டு தவக்காலத்தில் அது அவளுக்குச் சரியாகிவிடும்.