கழுத்துப் பட்டையும் அரிசி மூட்டையும்

மராட்டி பேசும் இந்த ஊரில், சாங்வியிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் தமிழ் கேட்டதும் என் காது தானாக நீண்டுவிட்டது. கழுத்தில் பட்டை கட்டிய கணவர், பக்கத்தில் மனைவி. லீவுக்கு ஊர் போக டிக்கெட் எடுக்கக் கிளம்பியிருந்தார்கள்.

"ஏங்க, நாம கும்பகோணம் போறது எங்கம்மாவைப் பாக்கவா, அரிசி மூட்டை தூக்கவா?"

"இங்கத்த அரிசில இட்லி கல்லு மாதிரி வருதுன்னு சொன்னது யாரு? போன லீவுல மூட்டை தூக்கினதுக்குத்தான் இந்தப் பட்டை."

"டாக்டர் சொன்னாருல்ல, இந்தத் தடவை ஆளுக்கு ஒரு சின்னப் பைதான். ரயில்ல கழுத்துக்குத் தலையணை வெச்சுக்குங்க, அப்பப்ப எழுந்து நடங்க. மூட்டை கிடையாது."

"உங்கம்மா விடுவாங்களா? நாம போறதுக்குள்ளயே கட்டி வெச்சிருப்பாங்க. பேசாம இந்த வருஷம் போகவே வேண்டாம்."

பஸ் சிவாஜிநகர் ஸ்டாப்பைத் தாண்டியது. அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் எஸ்.டி.டி. பூத்லேர்ந்து போன் பண்றப்பல்லாம் அம்மா, 'அரிசி தீந்துபோச்சா'ன்னுதான் கேக்கறாங்க. எப்ப வரேன்னு கேக்க அவங்களுக்கு வாய் வராது. நம்ம வீட்டுல இன்னும் பாதி மூட்டை கிடக்கு. தீந்துபோச்சும்மான்னு சொல்லிட்டேங்க."