சுவருக்குள் போன குழாய்

குளியலறைச் சுவருக்கு டைல்ஸைவிடப் பிளாஸ்டிக் பேனல்தான் நல்லது என்று யார் கேட்டாலும் சொல்வேன். பழைய டைல்ஸை உடைக்க வேண்டாம். அதன் மேலேயே மரச்சட்டம் அடித்து, பேனல்களை ஒன்றோடொன்று கோத்துவிடலாம். தூசி கிடையாது, இடுக்கில் பூஞ்சை பிடிக்காது, தண்ணீர் இறங்காது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். ரூஸே நகரத்து அடுக்குமாடிகளில் ஸ்டாமென் போட்ட பேனல் என்றால் தனி மரியாதை. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, இருந்தாலும் உண்மை அதுதான்.

ஊருக்கெல்லாம் செய்துகொடுத்தவன் வீட்டில் மட்டும் பழைய நீல டைல்ஸ் வெகுகாலம் அப்படியே கிடந்தது. அது அடிக்கடி விரிசல் விடும். எல்லா இடத்திலும் இல்லை, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில், என் தோள் உயரத்தில். என் மனைவி நெவேனா குள்ளம். அவளுக்கு அது தலை உயரம்.

உங்கள் முகம் மாறுகிறது, ஐயா. நான் குடிகாரன் இல்லை. விசேஷ நாளில் ஒரு கோப்பை ரக்கியா, அதோடு சரி. எந்த வீட்டில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு முற்றாமல் இருக்கிறது? முற்றினால் அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அங்கே இருக்கும் ஈரத்துக்குத் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிடும். அதனால் அதைக் கழற்றிப் போட்டேன்.

கீழ்வீட்டில் கினா இருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள், வாய்க்காரி. எங்கள் கட்டடத்தில் குளிருக்குச் சூடு தரும் இரும்புக் குழாய் ஒன்று எல்லா வீட்டுக் குளியலறைகளையும் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. யார் வீட்டிலாவது சத்தம் கூடினால் அந்தக் குழாயைத் தட்டுவது வழக்கம். கினா தன் வாசல் சாவியால் தட்டுவாள். அந்தச் சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்கும். உயர்ந்த கை தானாக இறங்கிவிடும். வெட்கமாக இருக்கும் எனக்கு. இதை நான் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் படிக்கட்டில் வழிமறிப்பாள்.

"என்னடா ஸ்டாமென், நேத்து மறுபடியும் என்ன?"

"டைல்ஸ் ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சு, அக்கா."

"உன் வீட்டுல மட்டும் வாராவாரம் கழலுது. ஊரான் வீட்டுல நீ ஒட்டுனதெல்லாம் நிக்குதா? போய்ப் பாத்துட்டு வா, பாவம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தொழிலை வைத்துக் கேலி செய்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

போன இலையுதிர் காலத்தில் உடைந்த டைல்ஸின் ஓரம் நெவேனாவின் காதுக்குப் பின்னால் ஆழமாகக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். வழுக்கி விழுந்ததாக அவளே டாக்டரிடம் சொன்னாள். அவள் வேலை பார்த்த ரொட்டிக்கடையில் தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன். அன்றுதான் பேனல் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பேனல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கூரான ஓரம் கிடையாது. யாருக்காக அந்தச் செலவு செய்தேன் என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேலை நடந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். மூலையில் குழாயைச் சுற்றிச் சட்டம் அடிக்க ஆரம்பித்ததும் உள்ளே வந்தாள்.

"குழாய மட்டும் மூடாத, ஸ்டாமென். அது அப்படியே இருக்கட்டும்."

"துருவப் பாத்துக்கிட்டேவா குளிப்ப?"

"அதுல துண்டு காயப் போடுவேன். மூடாதப்பா. வேற எதுவும் கேக்கல."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் எதையும் இவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை. நான் குழாயைச் சுற்றிப் பேனலால் பெட்டிபோல் மூடினேன். சுவர் வழவழவென்று வெள்ளையாக வந்தது. கினாகூட வந்து பார்த்தாள். மூலைப் பெட்டியை விரலால் சுண்டிவிட்டு நெவேனாவைப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் வேலைச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். மெஷினுக்குள் ஒரு பை இருந்தது. அவள் துணிமணி, அடையாள அட்டை, கொஞ்சம் பணம். கேட்டேன். பொய் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை.

"வர்னாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். நாளைக்குக் காலைல பஸ்ஸு. இனிமே உங்கிட்ட எனக்கு பயம்கூட இல்ல, ஸ்டாமென். அலுத்துப்போச்சு."

அலுத்துப்போச்சு என்ற வார்த்தைதான். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். பேனல் உள்ளே அமுங்கி மறுபடி வெளியே வந்தது. டைல்ஸாக இருந்தால் முதல் மோதலிலேயே உடைந்திருக்கும், எனக்கும் ஒரு கணக்குத் தெரிந்திருக்கும். இது எதையும் காட்டவில்லை. மறுபடி மோதினேன், மறுபடியும். என் பிடி நழுவியபோது அவளுக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் இல்லை. ஆனால் அவள் கதவுப் பக்கம் போகவில்லை. மூலைக்குப் போய் அந்தப் பெட்டியைப் பிறாண்டினாள். பேனலின் ஓரத்தில் விரலை நுழைத்துப் பெயர்க்கப் பார்த்தாள். நகங்கள் பிய்ந்தன. நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. இடுப்பில் உதைத்துக் கீழே தள்ளினேன். கழுத்தின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினேன். அவள் கை கடைசிவரை பெட்டியை அடித்துக்கொண்டிருந்தது. பொத்து பொத்து என்று மெத்தையைத் தட்டுவதுபோல் கேட்டது, அவ்வளவுதான். பிறகு அதுவும் நின்றது.

சுவரைத் துடைத்தேன். சொன்னேன் அல்லவா, ஒரு துடைதான்.

அழைப்புமணி அடித்தது. கினா நின்றாள். கையில் சாவி, விரல் மூட்டெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

"எவ்வளவு நேரமாடா தட்டுறேன்! காது செவிடாயிடுச்சா? அவ எங்க?"

"தட்டுனீங்களா, அக்கா? எனக்குக் கேக்கலியே."

அது பொய் இல்லை. எனக்குக் கேட்கவே இல்லை. அவள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். பிறகு அவள் போட்ட கூச்சலில்தான் நீங்கள் வந்தீர்கள்.

நேற்று உங்கள் ஆட்கள் பெட்டியைப் பிரித்தார்கள் என்று சொன்னீர்கள். குழாயைச் சுற்றி ஏன் அவ்வளவு கண்ணாடிப் பஞ்சு என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, தொழில் தெரிந்தவர்கள் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குளியலறைக்குச் சூடு தருவதே அந்தக் குழாய்தான். அதைப் பஞ்சு வைத்து அடைத்தால் குளிர்காலத்தில் உள்ளே விறைத்துப்போகும். கற்றுக்குட்டிகூட அதைச் செய்யமாட்டான்.

நெவேனாவை நான்தான் கொன்றேன், அதை மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதாதீர்கள். கினா தட்டுவது காதில் விழுந்திருந்தால் கட்டாயம் நிறுத்தியிருப்பேன். அது தெரிந்துதான் பஞ்சை அடைத்தேன்.